தக்காளி பறித்த கை

கண்ணு,

உன் கடிதம் வந்தது. நலமா என்று கேட்டிருந்தாய். பயந்துபோய் இருக்கிறேன். நலம் என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு மேலே போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ ஒரே கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். லீவுக்கு வரும்போது அம்மா கையால் சுட்ட தக்காளித் துவையல் வேண்டும், ஹாஸ்டல் சாம்பாரில் மிதக்கும் தக்காளித் தோலைப் பார்த்துப் பார்த்து நாக்கு செத்துவிட்டது என்பது ஒன்று. டெல்லி சர்க்கார் வேலையிலும் நம் சாதிக்குப் பங்கு கேட்டு மறுபடி மறியல் வருகிறதாம், மாமா மகன் செல்வம் எழுதியிருக்கிறானாம், படித்தவன் முன்னால் நின்றால்தான் மரியாதை என்றானாம், அதனால் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவனோடு ரோட்டுக்குப் போய்விடுவாய் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத உன்னால் முடிகிறது, ஏனென்றால் உனக்குத் தெரியாது. போன மறியலின்போது நீ பரீட்சைக்காகச் சித்தி வீட்டில் இருந்தாய். நீ திரும்பி வந்தபோது ரோட்டில் மரங்களை அறுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள், எரிந்த இடத்தில் புதுக்கூரைகூட வந்துவிட்டது. படிக்கிற பிள்ளையின் மனசு கெடும், சொல்ல வேண்டாம் என்றார் உன் அப்பா. நான் இப்போது சொல்கிறேன். ஒளித்து வைத்துப் படிக்காதே. உன் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு, அவர்களுக்கும் ஓர் ஊர் இருக்கும், அதற்கு ஒரு காலனி இருக்கும். செல்வத்துக்கும் படித்துக் காட்டு. கேட்டுவிட்டு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் காட்டு.

கொல்லையில் இப்போது தக்காளி நன்றாக வந்திருக்கிறது. நீ கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன். பள்ளிக்கூடம் சாத்திவிட்டதால் சத்துணவுக் கூடத்தில் எனக்கு வேலை இல்லை, விடிந்ததும் கொல்லைக்குப் போய்விடுகிறேன். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். அப்புறம் பழம் சுடும், தோல் வெடிக்கும். சித்திரை வெயிலில் பழுத்த நாட்டுத் தக்காளிக்கு ஒரு வாசனை உண்டு, காம்பைக் கிள்ளும்போதே மூக்கில் ஏறும், பாதி புளிப்பு, பாதி பச்சிலை. அதை உப்புகூட இல்லாமல் வரப்பில் நின்று கடித்துச் சாறு முழங்கைவரைக்கும் ஓட நீ தின்பாய், நினைவிருக்கும். ஆனால் நீ தின்றதெல்லாம் வெடித்த பழம். நம் வீட்டுக்கு வந்ததெல்லாம் வெடித்த பழம். நல்லதைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கி, எலவனாசூர்கோட்டை வழியாக மெட்ராஸுக்குப் போகிற லாரியில் ஏற்றுவோம். கொல்லை நிலம் நம்முடையது இல்லை, குத்தகை. நிலத்துக்காரர் வீட்டுக்கு ஒரு கூடை தனியாகப் போகும். மிச்சத்தில் வெடித்தது நமக்கு, நசுங்கியது காலனியிலிருந்து பறிக்க வருகிறவர்களுக்கு. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை. கூடையைக் கவிழ்த்தால் கை தானாகவே அப்படித்தான் பிரித்தது, என் கையும் சேர்த்து. வெடித்ததற்கும் நசுங்கியதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நான் அப்போது யோசித்ததில்லை.

போன மறியல் தொடங்கிய அன்று நம் ஊர் முக்கில் நின்ற புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். வெட்டினது நம் தெருப் பிள்ளைகள்தான், அதில் செல்வம் முன்னால் நின்றான். கேட்டது நியாயம், கண்ணு. இதை ஒரு முறைக்கு இரண்டு முறை எழுதுகிறேன், நான் மாறிவிட்டேன் என்று நீ நினைக்கக்கூடாது. கேட்டது நியாயம். நீ இன்று உட்கார்ந்திருக்கிற பெஞ்சு அந்த ரோட்டில் கிடந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது. பரம்பரை பரம்பரையாக மண்ணைக் கிளறிய கைக்கு ஒரு பேனா வேண்டும் என்று கேட்டதில் என்ன தப்பு. ஆனால் கேட்கச் சொன்னவர்கள் காரில் வந்து பேசிவிட்டுப் போனார்கள், அடி வாங்க நம் தெரு இருந்தது, நம் தெரு தன் பங்குக்கு அடிக்க இன்னொரு தெருவைத் தேடியது. அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

லாரி வரவில்லை. பறித்த பழம் கூடையோடு வீட்டில் நின்றது. பறிக்காத பழம் செடியில் வெந்துகொண்டிருந்தது. நிலத்துக்காரர் ஆள் அனுப்பி, எதையாவது செய்துகொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். நான் நல்ல பழமாக நாலைந்தை எடுத்தேன். கீறல் இல்லாதது, அழுத்தினால் திமிருகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நம் வீட்டு அடுப்பில் அப்படி ஒரு பழம் வெந்ததில்லை. தணலில் போட்டேன். தோல் கறுத்துச் சுருங்கி உரிந்து வந்தது. உள்ளே சதை அப்படியே நின்றது, வெடித்த பழம் மாதிரி தண்ணீராக ஓடவில்லை. சுட்ட மிளகாய், ரெண்டு பல் பூண்டு, கல்லுப்பு போட்டுக் கையாலேயே பிசைந்தேன். களிக்குத் தொட்டுக்கொண்டு உன் அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இம்மாம் ருசியாடி இது” என்றார். “நாமதான் வெளைய வெக்கிறோம், நமக்கே தெரியல பாரு.” வெளியில் சைக்கிளில் போன ஒருவன், எங்கேயோ போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்களாம் என்று சொல்லிக்கொண்டு போனான். எந்த ஊர் என்று அவனுக்கும் தெரியவில்லை. எங்கள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்புறம் மறுபடியும் தின்றோம். ருசியும் பயமும் ஒரே தொண்டையில்தான் இறங்கின. நீ கேட்கிற துவையல் அதுதான்.

மறுநாளும் உன் அப்பா கொல்லைக்குப் போனார். தெருவில் எல்லா ஆம்பிளையும் ரோட்டில் கிடக்கும்போது நீ செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயா என்று உன் மாமா தன் டீக்கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார். பழுத்ததைச் செடியில் விட்டால் காயும் கெட்டுப்போகும், அது எந்தப் போராட்டத்துக்கும் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு இவர் போய்விட்டார். காலனியிலிருந்து பறிக்க வருகிற பெண்களில் குப்பு மட்டும் கூடப் பறிக்க வந்தார். அவருடைய ஆட்கள் தெருவைத் தாண்டி வரவே பயந்துகொண்டிருந்த நேரம். நீ நடக்கப் பழகியதிலிருந்து அவரைக் குப்பு, ஏ குப்பு என்றுதான் கூப்பிட்டாய். உன்னைவிட அவர் மகளுக்கு வயது அதிகம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் அவர் என்னை யம்மா என்பார். நம் வீட்டில் சோறு என்றால் வெளியில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த தூக்கில் வாங்கிக்கொள்வார். இதையெல்லாம் உனக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை, நீ தினமும் பார்த்து வளர்ந்தது. பார்த்து வளர்ந்ததால்தான் எழுதுகிறேன்.

தக்காளி பறித்தவன் கை உனக்குத் தெரியும். செடியில் இருக்கிற பிசுக்கு முதலில் பச்சையாக ஒட்டும், பறிக்கப் பறிக்கக் கறுத்துத் தார் பூசினமாதிரி ஆகிவிடும். சோப்பு போட்டால் மஞ்சள் தண்ணீர்தான் வரும், கறை போகாது. அப்படியே சோற்றில் கை வைத்தால் கசக்கும். அரைப்பழமாக ஒன்றைப் பிழிந்து தேய்த்தால்தான் போகும். செடியின் கறையைச் செடியின் பழமே எடுத்துவிடும். கொல்லைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. போலீஸுக்குத் தெரியாது. அவர்கள் வேன் வந்தபோது வெட்டின பிள்ளைகள் எல்லாம் கரும்புக்குள்ளேயும் கரியாலூர் மலை ஏறுகிற பாதையிலும் ஓடி ஒளிந்துவிட்டார்கள். தப்பு செய்யாதவன் மட்டும் வீட்டில் இருந்தான். உன் மாமா கடையில் இருந்தார். உன் அப்பா அப்போதுதான் கூடையோடு தெருவுக்குள் வந்தார், குப்பு பின்னால் ஒரு கூடையோடு. எல்லாரையும் கோயில் முன்னால் வரிசையில் நிற்கவைத்து, கையைக் காட்டு என்றார் எஸ்.ஐ.

உன் அப்பா கையைக் காட்டினார். இரண்டு உள்ளங்கையும் கறுப்பு.

“டயர் கொளுத்தினியா, மரம் வெட்டினியா?”

தக்காளி பறித்தேன் என்றார் இவர். எஸ்.ஐ. சிரித்தார். “ஊரே ரோட்டுல கெடக்குது, நீ தக்காளி பறிச்சியா. யாருக்கு, என் பொண்டாட்டி ரசம் வைக்கவா?” வரிசையில் நின்ற போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். ஒருவன் லத்தியால் உன் அப்பா முழங்காலுக்குப் பின்னால் தட்டினான், இவர் மடங்கி உட்கார்ந்தார். நான் ஓடினேன், கண்ணு. யோசிக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, உன் அப்பா வலது கையில் பிழிந்து தேய்த்தேன். பச்சைத் தண்ணீராகச் சொட்டியது. முந்தானையால் துடைத்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். “இது செடிக் கறைங்க சார். தக்காளியாலயே போவுது பாருங்க.” ஒரு கை வெள்ளை, ஒரு கை கறுப்பு. இதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். நம்மைப் போன்றவர்கள்தான் அப்படி நினைப்போம். உண்மையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று.

எஸ்.ஐ. அந்த வெள்ளைக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வரிசையைப் பார்த்தார். “ஓகோ. இப்படித்தான் எல்லாரும் கழுவிட்டு நிக்கிறீங்களா. வீட்டுக்கு வீடு தக்காளி இருக்கு. கை சுத்தமா இருக்கிறவனை எல்லாம் வண்டியில ஏத்து” என்றார்.

உன் மாமாவின் கை சுத்தமாக இருந்தது. டீ ஆற்றுகிற கை. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் இழுத்தார்கள். உன் அப்பாவையும் விடவில்லை. வாயைத் திறந்தால் இன்னும் யாரைக் கெடுப்பேனோ என்று நான் நின்றேன். நம் தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் குப்பு கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கோயில் முன்னால் அவர் அவ்வளவு கிட்டத்தில் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் நீட்டினார். “என் கையும் பாருங்க சார். நான் எந்த மரத்த வெட்டினேன்? காலையிலேர்ந்து இவுரு கூடத்தான் பறிச்சிக்கினு இருந்தேன்.” எந்தத் தெரு என்று கேட்டார் எஸ்.ஐ. காலனி என்றதும் அவர் முகம் மாறியது. காலனிக்காரி இவனுக்காக ஏன் பொய் சொல்லப்போகிறாள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, உன் அப்பாவை விடச் சொன்னார். பிறகு உன் மாமாவைக் காட்டி, இவனும் பறித்தானா என்று குப்புவைக் கேட்டார். என் அண்ணன் குப்புவைப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார், அன்று பார்த்தார். நானும் பார்த்தேன். “அவுரு கொல்லைக்கு வர்ல சார்” என்றார் குப்பு. “வராதவர வந்தாருன்னு எப்பிடி சொல்லுவேன்.”

உன் மாமாவையும் மற்ற இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. அந்த மத்தியானம் நான் குப்பு தூக்கில் வெடித்ததையோ நசுங்கியதையோ போடவில்லை. நல்ல பழமாக ஒரு கூடை நிறையக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். வாங்கிப் போய், நறுக்கி உப்புத் தடவி, வற்றலுக்காகத் தன் கூரைமேல் பரப்பியிருக்கிறார். மழைக்காலத்துக்கு ஆகும் என்று. பொழுது சாய்கிற நேரத்தில் காலனிப் பக்கம் புகை எழுந்தது. நான் ஓடினேன், உன் அப்பா என் பின்னால் வந்தார். குப்புவின் கூரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் கூரைகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாசனை, கண்ணு. ஓலை எரிகிற வாசனைக்கு நடுவில் சுட்ட தக்காளி வாசனை. முந்தின நாள் என் அடுப்பில் எழுந்த அதே வாசனை. வாயில் எச்சில் ஊறியது. ஊறியதை உணர்ந்ததும் அங்கேயே ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் தக்காளி வேகும், வதங்கும், தொக்காகும். தணலில் மட்டும் போடுவதில்லை. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது கிணற்றடியில் செல்வம் கை கழுவிக்கொண்டிருந்தான். கரும்புக்குள்ளிருந்து எப்போது வெளியில் வந்தானோ. கிட்டத்தில் போனதும் மண்ணெண்ணெய் அடித்தது. இன்னாடா இது நாத்தம் என்றேன்.

“புளியமரத்துப் பிசின் அத்த. மண்ணெண்ண போட்டாதான் போவுது.”

“புளியமரத்துல ஏதுடா அவ்ளோ பிசின்?”

அவன் என்னைப் பார்த்தான். என் மடியில் வளர்ந்த பிள்ளை, உன்னோடு ஒரே தட்டில் தின்றவன். “உன் வூட்டு தக்காளி எங்கப்பன வண்டியில ஏத்திச்சு. அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பாங்க. நீ பிசினப் பத்தி பேசிக்கினு இருக்க” என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் என்னை இன்றுவரைக்கும் தின்கிறது. ஆனால் லத்தி போலீஸ் கையில் இருந்தது. மரம் வெட்டினது அவன். அப்பனை விட்டுவிட்டு ஓடினது அவன். எட்டாத இடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள், கைக்கு எட்டினது குப்புவின் கூரை. உன் மாமா விடுபட்டு வந்தபோது முதுகைக் கீழே வைத்துப் படுக்க முடியவில்லை. அவருக்குக் கஞ்சி கொண்டுபோய், அதே நேரத்தில் அவர் மகன் செய்ததையும் சொன்னேன். “எரிஞ்சது கூரதானே, முதுகு இல்லியே” என்றார். அன்றிலிருந்து நம் வீட்டுக்கு அவர் வருவதில்லை. மாமா ஏன் வருவதில்லை என்று நீ ஒவ்வொரு லீவிலும் கேட்டாய், உன் அப்பா ஏதோ வாய்க்கால் தகராறு என்று சொல்லிவைத்தார். குப்புவிடம், ஸ்டேஷனுக்கு வா, நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் யம்மா, மீதித் தெருவும் எரியும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான் என்பது இந்த ஊரைப் பற்றி எழுதக்கூடிய எல்லாவற்றையும்விட மோசமானது.

இப்போது ஏன் பயம் என்று சொல்கிறேன். நாலு நாள் முன்னால் செல்வம் நம் வீட்டுக்கு வந்தான். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவை. அவனுக்கு இப்போது ஜீப்பில் வருகிற ஆட்களோடு பழக்கம், சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கூடையில் இருந்து நல்ல பழமாக ஒன்றைத் தேடி எடுத்து, கடித்து, பாதியை எறிந்தான். “அவன் வரட்டும் அத்த, நான் பாத்துக்கறேன்” என்றான். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடக்கிறேன். பாத்துக்கறேன் என்றால் என்ன? போலீஸ் நிற்கிற பக்கம் உன்னை முன்னால் நிறுத்துவானா, அவன் அப்பன் வாங்கினதை நீ வாங்கட்டும் என்று? அப்படியென்றால் எனக்குப் பயம். இல்லை, உண்மையிலேயே தம்பி மாதிரி பத்திரமாகப் பின்னால் வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் உன் கையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொடுப்பானா? அதற்கு நான் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன். முதலாவது நடந்தால் நான் அழுது செத்துப்போவேன். இரண்டாவது நடந்தால் உயிரோடு இருந்து உனக்குச் சோறு போட வேண்டியிருக்கும்.

நேற்று உன் கடிதத்தைக் கொல்லையில் வைத்துக் குப்பு அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், முதல் நாள் நாக்கு புரளவில்லை, இப்போது பழகிவிட்டது. துவையல் கேட்கிறான், என்னால் தணலில் போட முடியாது அக்கா, அந்த வாசனை ஆகாது என்றேன். அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு மட்டும் ஆவுமா? அன்னிக்கி வேற இன்னா இருந்துது. சாம்பல்லேர்ந்து வெந்தத பொறுக்கி, ஊதி, உப்பு போட்டு புள்ளைங்களுக்கு நான்தான் குடுத்தேன். நல்ல பழமா குடுத்திருந்தியே, நெருப்புலயும் அப்பிடியே நின்னுது” என்றார். பிறகு, “வரட்டும். என் வூட்ல சுட்டு அரைச்சி வெக்கறேன். துன்னுவானா கேளு” என்றார். கேட்கிறேன். தின்பாயா?

வருவதென்றால் மறியல் தொடங்குவதற்குள் வா. வழியில் மாட்டிக்கொண்டால் கள்ளக்குறிச்சியிலேயே இரு, நடந்து வராதே. வந்ததும் எங்களோடு ஒரு நாள் காலை கொல்லையில் பறி. நல்லது, வெடித்தது, நசுங்கியது என்று பிரிக்க வேண்டாம், அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம், வீட்டுக்கு எடுப்பதை இரண்டு வீட்டுக்கும் கலந்துதான் அள்ளுகிறோம். அப்புறம் காலனிக்குப் போ. அவரைப் பெரியம்மா என்று கூப்பிடு. உள்ளே உட்கார்ந்து, அவர் தட்டில், அவர் அரைத்த துவையலைத் தின்றுவிட்டு வா. அதன் பிறகும் ரோட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. நியாயத்துக்குத்தான் போகிறாய், நான் குறுக்கே விழ மாட்டேன், விழுந்தாலும் நீ தாண்டிப் போகிற வயது. ஆனால் நீ திரும்பி வருகிறவரைக்கும் வாசலில் நிற்பேன். அந்த எஸ்.ஐ. கேட்ட மாதிரியே நானும் கேட்பேன். கையைக் காட்டு என்பேன். கறை இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன், கறையைக் கழுவிவிடலாம் என்று ஊருக்கே காட்டிக்கொடுத்தவள் நான். முகர்ந்து பார்ப்பேன்.

அம்மா